நான் பயந்த சத்தங்களும் பயப்படாத பெல்ட்டும்

சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்து பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. புதுக்கோட்டைக்காரன் என்பதால் போக வர எல்லாம் திருச்சி வழிதான். எப்போதாவது டிக்கெட் விலையைப் பார்த்து சென்னை. வருடத்துக்கு இரண்டு தடவை என்று வைத்தாலும் அறுபது முறை ஏறி இறங்கியிருப்பேன். இத்தனை தடவை ஏறியவனுக்கு விமானம் டவுன் பஸ் மாதிரி ஆகியிருக்க வேண்டும். ஆகவில்லை. இன்றைக்கும் கதவைச் சாத்தும்போது வயிற்றுக்குள் ஒரு பிசைவு வரும். ஆனால் முன்னே எதற்கெல்லாம் பயந்தேனோ அதற்கெல்லாம் இப்போது பயப்படுவதில்லை. பயப்படாமல் விட்ட சில விஷயங்கள்தான் என்னைப் பதம் பார்த்திருக்கின்றன.

முதல் பயணம் 2009இல், ராத்திரி விமானம். இருக்கையைக் கண்டுபிடித்து உட்கார்ந்து நிமிர்ந்தால், தலைக்கு மேலே பெட்டி வைக்கிற இடத்துக்குக் கீழே இருந்த இடுக்கு வழியாக வெள்ளைப் புகை இறங்கிக்கொண்டிருந்தது. கொஞ்சமாக இல்லை, வரிசை நெடுகப் பொங்கி வழிந்தது. எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. எழுந்து கத்தலாமா என்று பார்த்தால் மற்றவர்கள் எல்லாம் அவரவர் போனில் ஊருக்குப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்தில் மன்னார்குடிப் பக்கத்து அண்ணன் ஒருவர், கப்பல் பட்டறைக்குப் போகிறவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "மொத தடவையா தம்பி? அது ஏசி. ஃப்ரிட்ஜைத் திறந்தா வெள்ளையா வரும்ல, அதேதான். நம்ம ஊர் புழுக்கத்துக்கு இப்படித்தான் கொட்டும்."

ஈரம் நிறைந்த காற்றில் குளிர்காற்று கலந்தால் பனிமூட்டம். அவ்வளவுதான். புகை என்றால் நாற்றம் அடிக்கும், கண் எரியும். இதில் இரண்டும் இல்லை. இதை அந்த அண்ணன் சொல்லாவிட்டால் முதல் பயணத்திலேயே இறங்கி ஓடியிருப்பேன்.

புகை முடிந்தது, அடுத்தது நாய். காலுக்குக் கீழே, சாமான் ஏற்றுகிற பக்கமிருந்து, 'வவ்... வவ்... வவ்' என்று விட்டுவிட்டு ஒரு சத்தம். யாரோ நாயைக் கூண்டில் வைத்து ஏற்றியிருக்கிறார்கள் என்றே ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். பல வருடம் கழித்து ஊர்க்காரர் ஒருவரின் பையன், விமானப் பராமரிப்பு படித்தவன், விளக்கினான். ஏர்பஸ் 320 ரகத்தில், அழுத்தம் ஏற்றிய திரவத்தால் சக்கரம், பிரேக் எல்லாம் இயக்குகிற தனித்தனி ஹைட்ராலிக் அமைப்புகள் உண்டு. அதில் ஒன்றில் அழுத்தம் குறைந்தால் இன்னொன்றிலிருந்து தள்ளிக் கொடுக்கும் கருவி ஒன்று இருக்கிறது. தரையில் ஒரே ஒரு எஞ்சின் ஓடும் நேரத்தில் அது வேலை செய்யும், அதுதான் குரைக்கிறது. இப்போதெல்லாம் அந்த நாய் குரைத்தால் எனக்கு ஒரு நிம்மதி. சரி, எல்லாம் வழக்கப்படி நடக்கிறது.

மேலே எழும்பிய ஒன்றிரண்டு நிமிடத்தில் இன்னொன்று வரும். அதுவரை அலறிக்கொண்டிருந்த எஞ்சின் சட்டென்று குரலைக் குறைக்கும். இருக்கை கீழே நழுவுவது போல இருக்கும். விழுகிறோம் என்று அந்த அண்ணனின் கையைப் பிடித்தேன், பிடித்தபடியே கால்மணி நேரம் வைத்திருந்தேன். உண்மையில் அப்போதும் விமானம் மேலேதான் ஏறிக்கொண்டிருக்கிறது. கிளம்பும்போது தேவைப்பட்ட அளவு எஞ்சின் விசை இனி வேண்டாம் என்று அதைக் குறைக்கிறார்கள். இத்தனை நேரம் முதுகை அழுத்திக்கொண்டிருந்த விசை தளர்ந்ததும் உடம்பு அதை விழுதல் என்று எடுத்துக்கொள்கிறது. கண்ணை மூடினால் இன்னும் மோசம். ஜன்னல் வழியாக ஊர் விளக்குகள் சின்னதாகிக்கொண்டே போவதைப் பார்த்தால் அடங்கிவிடும்.

ஜன்னலோரம் உட்கார்ந்தால் வேறொரு பயம். இறக்கை ஆடும். காற்று கொஞ்சம் கூடினால் நுனி மேலும் கீழுமாகத் தென்னை மட்டை மாதிரி அசையும். ஒடிந்துவிடுமோ என்று கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டே போன பயணங்கள் உண்டு. வளையத்தான் அதைச் செய்கிறார்கள். போயிங் 777 வெளியே வருவதற்கு முன்னால், 1995 ஜனவரியில், ஒரு முழு விமானத்தைக் கட்டிப்போட்டு இரண்டு இறக்கைகளையும் மேல்நோக்கி இழுத்து ஒடித்தே பார்த்தார்கள். பறக்கும்போது வரக்கூடிய அதிகபட்ச பாரத்தில் ஒன்றரை மடங்கு, அதாவது 150 சதவீதம் தாங்க வேண்டும் என்பது விதி. அது 154 சதவீதத்தில் ஒடிந்தது. இதைப் படித்த பிறகு இறக்கையைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். ஆடாமல் விறைப்பாக நின்றால்தான் இனி எனக்கு யோசனை வரும்.

இப்படி ஒவ்வொன்றாகத் தெளிந்து கொஞ்சம் தைரியம் வந்த காலத்தில் ஒரு டிசம்பர் மாதம் சென்னை வழியாக ஊருக்கு வந்தேன். கீழே நல்ல மழை. மொட்டை மாடிகளில் சின்டெக்ஸ் தொட்டிகள் தெரிகிற உயரத்துக்கு வந்தாகிவிட்டது. சக்கரம் தரையைத் தொடப்போகிறது என்று காலை ஊன்றிக்கொண்டேன். திடீரென்று எஞ்சின் முழு மூச்சாக இரைந்தது, மூக்கு மேலே தூக்கியது, தொட்டிகள் எல்லாம் மறுபடி மேகத்துக்குக் கீழே போய்விட்டன. பின்னால் யாரோ "முருகா" என்று கத்தினார்கள். அதைவிடப் பயமாக இருந்தது அதற்கப்புறம் வந்த அமைதி. பத்து நிமிடம் விமானியிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. அவ்வளவுதான், என்னவோ உடைந்துவிட்டது என்று முடிவே கட்டிவிட்டேன்.

பேசாததற்குக் காரணம், பேச நேரமில்லாததுதான். ஏறணும், சக்கரத்தை மடக்கணும், கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு பேசணும், அடுத்து எங்கே என்று பார்க்கணும்; நமக்குச் சொல்வது கடைசி வேலை. இறங்க வசதிப்படாவிட்டால் மறுபடி மேலே ஏறிவிடுவது அவர்கள் பழகி வைத்திருக்கிற சாதாரண வேலை. ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாதபோதும், பக்கவாட்டில் காற்று இழுக்கும்போதும் பிடிவாதமாக இறக்குகிற விமானியைத்தான் நான் பயப்பட வேண்டும், தூக்கிக்கொண்டு போனவரை அல்ல. பக்கத்து ஊர் விமான நிலையம் வரை போய், அங்கேயும் அரைமணி நேரம் வட்டமடிக்கிற அளவுக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டுதான் கிளம்புகிறார்கள் என்பதும் அன்றைக்கு எனக்குத் தெரியாது.

பெங்களூரில் கொண்டுபோய் இறக்கினார்கள். கதவைத் திறக்கவில்லை. மூன்றரை மணி நேரம் உள்ளேயே. எங்களுக்கு முன்னால் வந்து நின்ற விமானங்கள் வரிசையாக எண்ணெய்க்குக் காத்திருந்தன. முதல் அரைமணியில் எல்லாருக்கும் உயிர் பிழைத்த சந்தோஷம், முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் சொந்தக்காரர்கள் மாதிரி பேசினோம். ஒன்றரை மணியில் சண்டை ஆரம்பித்தது. கழிவறை நாறத் தொடங்கியது. விற்பதற்கு வைத்திருந்த நூடுல்ஸ் தீர்ந்துவிட்டது.

அப்போதுதான் எனக்கு இரண்டு வரிசை முன்னால் இருந்த பெரியவர் சட்டை நனைய வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். கை நடுங்கியது. பேரைக் கேட்டால் பதில் குழறியது. சர்க்கரை வியாதி. இறங்கி வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம் என்று மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு, விமானத்தில் கொடுத்ததைத் தொடாமல் வந்திருக்கிறார். அவருடைய பிஸ்கட், மருந்துச் சீட்டு எல்லாம் கீழே சாமான் அறையில், பெட்டிக்குள். ஒரு அக்கா தன் பிள்ளைக்கு வைத்திருந்த மாம்பழ ஜூஸை உறிஞ்சு குழலோடு அவர் வாயில் வைத்தார். விமானப் பணிப்பெண் சர்க்கரைப் பொட்டலங்களைக் கொண்டுவந்தார். கால்மணி நேரத்தில் மனுஷன் தெளிந்து, "பேரனுக்குச் சொல்லிராதீங்க" என்றார். மழையிலும் காற்றிலும் எங்களில் ஒருவருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை. அன்றைக்கு அந்த விமானத்துக்குள் உண்மையாகவே ஆபத்தில் இருந்தவர் அவர் ஒருவர்தான், அதுவும் தரையில் நின்றுகொண்டிருக்கும்போது.

அன்றிலிருந்து என் தோள்பையில் மூன்று நாள் மாத்திரை, மருந்துச் சீட்டின் நகல், இரண்டு பாக்கெட் கடலை மிட்டாய், ஒரு ஸ்வெட்டர், போன் சார்ஜர் இருக்கும். தண்ணீர் பாட்டிலைக் காலியாக எடுத்துப்போய், பாதுகாப்புச் சோதனை தாண்டிய பிறகு நிரப்பிக்கொள்வேன். ஊருக்கு வரும்போது பெட்டி நிறைய சாக்லேட் இருக்கும், ஆனால் அது கீழே சாமான் அறையில் அல்லவா இருக்கும்.

இனி பெல்ட். என் தொடையில் ஐம்பது பைசா அளவுக்கு ஒரு தழும்பு இருக்கிறது. அதை வைத்தே சொல்கிறேன்.

2017. திருச்சியிலிருந்து கிளம்பி ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கும், கீழே வங்காள விரிகுடா. பெல்ட் விளக்கு அணைந்து ரொம்ப நேரமாகிவிட்டது. நான் பழகிப்போன ஆள் அல்லவா, பெல்ட்டைக் கழற்றிவிட்டு இருக்கையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன். முன்னால் தட்டில் காகித டம்ளரில் டீ. எந்தச் சாடையும் இல்லாமல் விமானம் ஒரு படி கீழே இறங்கியது. டம்ளர் அங்கேயே இருக்க, டீ மட்டும் பழுப்புக் கட்டியாக மேலே எழும்பியதைக் கண்ணால் பார்த்தேன். அதைப் பார்த்த நேரத்தில் நானும் இருக்கையை விட்டு ஒரு சாண் மேலே இருந்தேன். அப்புறம் எல்லாம் ஒன்றாகக் கீழே வந்தது. முழங்கால் தட்டில் மோதியது, டீ தொடையில். நடைபாதையில் தள்ளுவண்டியோடு நின்ற பணிப்பெண் ஓடவில்லை, எதையும் எட்டிப் பிடிக்கவும் பார்க்கவில்லை. வண்டியின் பிரேக்கை மிதித்துவிட்டு அங்கேயே தரையில் பொத்தென்று உட்கார்ந்து பக்கத்து இருக்கையின் இரும்புக் காலை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார். உட்கார்ந்தபடியே எங்களைப் பார்த்து, "பெல்ட்! பெல்ட்!" என்று கத்தினார்.

மொத்தம் இருபது வினாடிகூட இருக்காது. அவர் எழுந்ததும் முதல் வேலையாக ஐஸ் தண்ணீரில் நனைத்த துணியைக் கொண்டுவந்து கொடுத்தார். அடிக்கடி மாற்றிப் போட்டுக்கொண்டேன். இருந்தும் கொப்புளம் வந்தது.

இடிமேகம் விமானியின் ராடாரில் தெரியும், சுற்றிக்கொண்டு போவார். மேகமே இல்லாத வெறும் காற்றில் வரும் குலுக்கலை ராடார் காட்டாது. முன்னால் போன விமானம் சொன்னால் உண்டு. அதனால் விளக்கு அணைந்திருக்கிறது என்பதற்கு 'இப்போதைக்கு ஒன்றும் தெரியவில்லை' என்று மட்டும்தான் அர்த்தம். 2024 மே 21 அன்று லண்டனிலிருந்து சிங்கப்பூர் வந்த விமானத்துக்கு மியான்மரின் ஐராவதி ஆற்றுப் பகுதிக்கு மேலே நடந்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். பாங்காக்கில் இறக்கினார்கள். 73 வயதுப் பயணி ஒருவர் இறந்துபோனார், பலருக்குத் தலையிலும் முதுகெலும்பிலும் காயம். பிறகு சிங்கப்பூர் விசாரணை அதிகாரிகள் வெளியிட்ட முதல் அறிக்கையைப் படித்தேன். விமானம் இறங்கியது 178 அடிதான், நாலரை வினாடி கணக்கில். அந்த உயரத்தில் அது ஒன்றுமே இல்லை. விமானத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, ஒழுங்காக வந்து இறங்கியது. பெல்ட் போடாதவர்கள்தான் மேலே போய்க் கூரையில் மோதிக் கீழே விழுந்தார்கள். என் டீ போன மாதிரியே.

குலுக்கலில் விமானம் உடைந்துவிடும் என்று வருடக்கணக்கில் பயந்த நான், பெல்ட்டை மட்டும் ஒரு தொந்தரவாகவே நினைத்திருந்தேன். இப்போது கழிவறைக்குப் போகும்போது தவிரக் கழற்றுவதில்லை. வயிற்றில் இல்லாமல் இடுப்பெலும்பில் தாழ்வாகப் படிகிற மாதிரி. தூங்கும்போது போர்வைக்கு மேலே போட்டுக்கொண்டால், விளக்கு எரியும்போது பெல்ட் போட்டிருக்கிறோமா என்று பார்க்க நம்மை எழுப்ப மாட்டார்கள். சூடான டீயைப் பாதி டம்ளருக்கு மேல் வாங்குவதில்லை. குலுக்கல் பயம் அதிகம் உள்ளவர்கள் இறக்கைக்குப் பக்கத்து வரிசையைக் கேட்டு வாங்கலாம். பஸ்ஸில் கடைசி சீட் தூக்கிப் போடுமே, விமானத்திலும் வால் பக்கம் அப்படித்தான்.

நான் அனுபவித்ததிலேயே பெரிய வலி இதுவும் இல்லை. அது ஒரு ஜலதோஷத்தால் வந்தது.

2019 பொங்கலுக்கு லீவு கிடைத்துவிட்டது. மூக்கு இரண்டும் அடைத்துக்கொண்டு, தலை பாரமாக இருந்தது. ஜலதோஷத்துக்கெல்லாம் யாராவது டிக்கெட்டைத் தள்ளிப்போடுவார்களா? ஏறிவிட்டேன். ஏறும்போது ஒன்றும் இல்லை, நன்றாகத் தூங்கினேன். திருச்சி நெருங்க அரைமணி இருக்கும்போது இடது காதுக்குள் யாரோ காய்ச்சிய கம்பியை இறக்குகிற மாதிரி வலியில் விழித்தேன். பல்லைக் கடித்தேன், முன்சீட்டைக் குத்தினேன். கீழே வர வர வலி ஏறிக்கொண்டே போனது. இறங்கியதும் அந்தக் காது தண்ணீருக்குள் முக்கிவைத்த மாதிரி ஆகிவிட்டது. மாட்டுப் பொங்கல் மேளம் ஒரு காதில்தான் கேட்டது.

புதுக்கோட்டையில் காது மூக்கு தொண்டை டாக்டர் பார்த்துவிட்டு, செவிப்பறை உள்ளே இழுத்துக்கொண்டு பின்னால் ரத்தம் கலந்த நீர் கோத்திருக்கிறது என்றார். காலி தண்ணீர் பாட்டில் ஒன்றை மேஜை மேல் வைத்து விளக்கினார். விமானம் முப்பத்தைந்தாயிரம் அடியில் பறந்தாலும் உள்ளே காற்றழுத்தம் ஆறாயிரம், எட்டாயிரம் அடி உயரத்துக்கு உரியதாக இருக்கும். ஏறக்குறைய ஊட்டியில் உட்கார்ந்திருக்கிற மாதிரி. ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு அரைமணி நேரத்தில் இறங்கினால் என்ன ஆகும்? வெளியே அழுத்தம் கூடுகிறது. அதற்கு ஈடாக, மூக்குக்குப் பின்னாலிருந்து காதுக்குப் போகும் யூஸ்டேக்கியன் குழல் வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும். சளியில் அந்தக் குழல் வீங்கி அடைத்திருந்தால் காற்று போக வழியில்லை. "மேலே மூடிபோட்டு மூடின காலி பாட்டில் கீழே வந்ததும் என்ன ஆகும், அடுத்த தடவை பாருங்க" என்றார். பார்த்தேன். திருச்சியில் இறங்கும்போது பாட்டில் இரண்டு பக்கமும் ஒட்டிப்போய் நசுங்கியிருந்தது. மூடியைத் திறந்ததும் 'டப்' என்று நிமிர்ந்தது. என் காதுக்குள் நடந்ததும் அதுதான்.

காது சரியாக மூன்று வாரம் ஆனது. அடைப்பு பலமாக இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள் என்றார். முடியாது என்றால், கீழே இறங்கத் தொடங்குவதற்கு அரைமணி முன்னால் போட மூக்கில் விடும் மருந்து ஒன்று எழுதிக் கொடுத்தார். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் கேட்காமல் போடக்கூடாது என்றும் சொன்னார். இறங்குகிற நேரத்தில் மட்டும் தூங்கக் கூடாது, தூங்கினால் எச்சில் விழுங்குவது குறையும். மிட்டாயைச் சப்பிக்கொண்டே இருக்கலாம், கொட்டாவி விடலாம். மூக்கைப் பிடித்து வாயை மூடி மெல்ல ஊதலாம், வலி வந்த பிறகு இல்லை, வருவதற்கு முன்பே தொடங்கி. கைக்குழந்தைக்குப் பாலை அந்த நேரத்துக்கென்று நிறுத்திவைத்துக் கொடுக்க வேண்டும். விமானத்தில் குழந்தைகள் கடைசி அரைமணியில் ஏன் அப்படி வீறிடுகின்றன என்பது எனக்கு அந்தப் பொங்கலில்தான் புரிந்தது. அதற்கு முன்னால் அந்தத் தாய்மார்களை நானும் முறைத்துப் பார்த்திருக்கிறேன்.

2024 அக்டோபர் 11 சாயங்காலம் அம்மாவிடமிருந்து போன். டிவியில் நேரலை ஓடிக்கொண்டிருந்தது. திருச்சியிலிருந்து சார்ஜா கிளம்பிய விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு, 141 பயணிகளோடு இரண்டரை மணி நேரமாகச் சுற்றிச் சுற்றி வருகிறது, கீழே ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் நிற்கின்றன. அடுத்த மாதம் அம்மாவுக்கு முதல் விமானப் பயணம், பேத்தியைப் பார்க்க டிக்கெட் போட்டிருந்தேன். "நான் வரல தம்பி. அங்கன போயி சுத்த விட்ருவாங்க."

சுற்றுவது கோளாறு இல்லைம்மா, வைத்தியம் என்றேன். சார்ஜா வரை போக நிரப்பிய எண்ணெயோடு அந்தக் கனத்தில் இறக்கக்கூடாது. அந்த ரக விமானத்தில் எண்ணெயை நடுவானில் கொட்டிவிடும் வசதியும் கிடையாது. ஓட்டித்தான் தீர்க்க வேண்டும். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "நெல்லு மூட்டை ஏத்துன வண்டிய மேட்டுலேருந்து எறக்குற மாதிரியா?" என்றார். அதேதான். ராத்திரி எட்டேகால் வாக்கில் விமானம் சாதாரணமாக இறங்கியது.

அம்மாவிடம் நான் சொல்லாத கதை ஒன்றும் உண்டு. ஆறு வருடம் முன்னால், 2018 அக்டோபர் 12 அதிகாலை, அதே திருச்சியிலிருந்து துபாய் கிளம்பிய விமானம் ஏறும்போதே ஓடுபாதை முனையில் இருந்த ஆண்டெனாவிலும் சுற்றுச்சுவரிலும் இடித்துவிட்டுப் போனது. எல்லாக் கருவியும் சரியாக இருக்கிறது என்று விமானிகள் தொடர்ந்து பறந்தார்கள். பிறகு மும்பைக்குத் திருப்பி இறக்கியபோதுதான் அடிவயிறு கிழிந்திருந்தது வெளியே தெரிந்தது. 136 பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்த விமானத்துக்கு ஒரு சிராய்ப்பும் இல்லை. உண்மையில் அடிபட்ட விமானம் போனபோது ஊர் தூங்கிக்கொண்டிருந்தது.

நவம்பரில் அம்மாவைக் கூட்டி வந்தேன். ஏசியிலிருந்து வெள்ளையாக இறங்கியதும், "சாம்பிராணி போட்ட மாதிரி இருக்கு" என்றார். பெல்ட்டை நான் சொன்னபடி சேலைக்கு மேலே இறக்கிப் போட்டுக்கொண்டு, கடைசி வரை கழற்றவில்லை. இறங்குவதற்கு அரைமணி முன்பு எழுப்பி வாயில் கடலை மிட்டாய் போட்டேன். சாங்கி விமான நிலையம் நெருங்கியபோது கீழே மழை, கொஞ்ச நேரம் காத்திருக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று விமானி அறிவித்தார். விமானம் இறக்கையைச் சாய்த்து வட்டம் போடத் தொடங்கியது. எனக்கு வயிற்றில் அந்தப் பழைய பிசைவு. அம்மா நெற்றியை ஜன்னலில் ஒட்டிக்கொண்டு, விடியாத கடலில் விளக்குப் போட்டுக்கொண்டு நிற்கிற கப்பல்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

"எத்தனை கப்பலுடா! இன்னொரு சுத்து சுத்துவானா?"